காயலான் கடைக்குப் போன அம்பு

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், எட்மன்டன் நகருக்குத் தெற்கே, வெட்டாஸ்கிவின் என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. 1996-இல் அந்த ஊர்ப்பக்கத்துக்காரர் ஒருவரிடம் முக்கால்வாசி கட்டி முடித்த போர் விமானம் ஒன்று இருந்தது. மூக்கிலிருந்து வால் வரை ஏறத்தாழ 24 மீட்டர். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 15 மீட்டர். எந்த விமானப்படையும் அதைக் கட்டச் சொல்லிக் கேட்கவில்லை. அது பறக்கப்போவதும் இல்லை. அச்சு அசலாக ஒரு நகல், அவ்வளவுதான். அசலைப் பார்க்க ஆசைப்பட்டால் போய்ப் பார்க்க முடியாது. முழு உருவில் அப்படி ஒன்று உலகத்தில் எங்கும் மிச்சமில்லை.

அதே சமயம், அந்த விமானத்தின் கதையைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்க ஒரு குழு தயாராகிக்கொண்டிருந்தது. கதாநாயகனாக டான் ஐக்ராய்ட் கிடைத்துவிட்டார். தொடரின் பெயரிலேயே இருக்கும் விமானம்தான் கிடைக்கவில்லை. இப்படி ஒருவர் முழு அளவில் கட்டிக்கொண்டிருக்கிறார் என்ற செய்தி தயாரிப்பாளர்களுக்கு எட்டியது. பேச்சு சுலபமாக முடிந்தது: மிச்ச வேலையை நாங்கள் முடித்துத் தருகிறோம், படப்பிடிப்புக்கு விமானத்தைக் கொடுங்கள். நகல் விமானம் மானிடோபா மாகாணத்தின் வின்னிபெக் நகருக்குப் போய், வெள்ளை வண்ணத்தில், கனடிய விமானப்படையின் சின்னத்தோடு கேமரா முன்னால் நின்றது.

எதன் நகல் அது என்று சொல்ல 1953-க்குப் போக வேண்டும்.

சோவியத் குண்டுவீச்சு விமானங்கள் வட துருவத்தைக் கடந்து அணுகுண்டோடு வந்துவிடும் என்ற பயம் வட அமெரிக்காவைப் பிடித்திருந்த காலம். துருவத்துக்கும் அமெரிக்க நகரங்களுக்கும் நடுவில் இருக்கும் நாடு கனடா. வருகிறவனை நடுவழியில் மறிக்க ஓர் இடைமறிப்பு விமானம் வேண்டும் என்று கனடிய விமானப்படை 1953 ஏப்ரலில் தன் தேவைகளை எழுதிக் கொடுத்தது. 50,000 அடி உயரத்தில் ஒலியைப்போல் ஒன்றரை மடங்கு வேகம். அந்த உயரத்தில் அந்த வேகத்தில் இறுக்கமாகத் திரும்பினாலும் உயரம் குறையக்கூடாது. இரண்டு எஞ்சின், இரண்டு ஆள். அன்றைக்கு உலகத்தில் யாரிடமும் அப்படி ஒரு விமானம் இல்லை.

வேலை அவ்ரோ கனடா நிறுவனத்துக்குப் போனது. டொராண்டோவை ஒட்டிய மால்டனில் அதன் தொழிற்சாலை. பிரிட்டனின் ஹாக்கர் சிட்லி குழுமத்தின் கிளை. இரண்டாம் உலகப் போரில் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் செய்த கூடத்தில் 1945-இல் தொடங்கியது. பச்சைப் பிள்ளை என்று யாரும் சொல்ல முடியாது. 1949 ஆகஸ்டில் ஜெட்லைனர் என்ற பயணிகள் ஜெட் விமானத்தைப் பறக்கவிட்டார்கள். பிரிட்டனின் காமெட் அவர்களை முந்தியது வெறும் இரண்டு வாரத்தில். அடுத்த ஜனவரியில் சிஎஃப்-100 என்ற போர் விமானத்தையும் பறக்கவிட்டார்கள். அது விமானப்படையில் நெடுங்காலம் உழைத்தது.

புதிய விமானத்துக்கு சிஎஃப்-105 என்று எண். ஆரோ, அதாவது அம்பு, என்று பெயர். பொறியியல் பிரிவின் தலைவர் ஜேம்ஸ் ஃபிளாய்ட். தொழில்நுட்ப வடிவமைப்பைப் பார்த்துக்கொண்டவர் ஜேம்ஸ் சேம்பர்லின். உடலுக்கு மேலே பரந்து கிடக்கும் முக்கோண இறக்கை. விமானியின் கைப்பிடி அசைவை மின்சமிக்ஞையாக்கி ஹைட்ராலிக் உருளைகளுக்கு அனுப்பும் கட்டுப்பாடு. அந்த ஹைட்ராலிக் அமைப்பின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 4,000 பவுண்டு; அந்த நாளில் அது மிக அதிகம். விமானத்தின் வயிற்றில் ஆயுதப் பெட்டி, மொத்தமாகக் கழற்றி வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம்.

கட்டியவிதமும் துணிச்சலானது. வழக்கமாகக் கையால் ஒன்றிரண்டு முன்மாதிரிகள் செய்து, பறக்கவிட்டு, குறை கண்டு, பிறகுதான் உற்பத்திக்கான அச்சுகளைச் செய்வார்கள். இவர்கள் முன்மாதிரியே செய்யவில்லை. முதல் விமானமே உற்பத்தி அச்சில் கட்டியதுதான். கணக்கு தப்பினால் அச்சுகள் அத்தனையும் வீண். அதனால் காற்றுச் சுரங்கச் சோதனைகள் மட்டும் போதாமல், எட்டில் ஒரு பங்கு அளவில் மாதிரிகள் செய்து, ராக்கெட்டின் தலையில் பொருத்தி ஏவிப் பார்த்தார்கள். மொத்தம் பதினொன்று. ஒன்பது ஒன்டாரியோ ஏரிக்கு மேலே ஏவப்பட்டு, வேகம், அசைவு பற்றிய தகவல்களை வானொலியில் அனுப்பிவிட்டு ஏரிக்குள் விழுந்தன. ஏரியில் விழுந்தவற்றைப் பற்றி அன்றைக்கு யாரும் கவலைப்படவில்லை.

விமானம் மட்டும் என்றால் தப்பித்திருக்கலாம். ஆனால் விமானத்தோடு அதற்கான இராக்குவா எஞ்சினும் மால்டனிலேயே புதிதாகப் பிறக்க வேண்டியிருந்தது. அதைச் சோதிக்க அமெரிக்காவிடம் பி-47 குண்டுவீச்சு விமானம் ஒன்றைக் கடன் வாங்கி, அதன் பின்பக்க விலாவில் ஒரு பக்கமாக எஞ்சினைத் தொங்கவிட்டுப் பறந்தார்கள். குறிபார்த்துச் சுடும் மின்னணு அமைப்பும் கடையில் கிடைப்பது வேண்டாம், அஸ்ட்ரா என்று புதிதாக ஒன்று வேண்டும் என்று விமானப்படை பிடிவாதம் பிடித்தது. ஏவுகணை விஷயம் இன்னும் மோசம். அமெரிக்கக் கடற்படை கைவிட்ட ஸ்பாரோ-2 திட்டத்தைக் கனடா எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டது. உடல், எஞ்சின், மூளை, ஆயுதம் நான்கும் ஒரே நேரத்தில் புதிதாக. இந்தத் திட்டத்தைக் கொன்றவர் யார் என்று கனடாவில் அறுபது வருடத்துக்கும் மேலாகச் சண்டை நடக்கிறது. என்னைக் கேட்டால் முதல் குற்றவாளி இந்த நான்கு மடங்கு பேராசைதான். லிபரல் அரசின் அமைச்சர் சி. டி. ஹோவ் 1955-லேயே, இந்தத் திட்டத்தை நினைத்தால் தனக்கு நடுக்கமாக இருக்கிறது என்று நாடாளுமன்றத்தில் சொல்லிவிட்டார். திட்டத்துக்குப் பணம் ஒதுக்கிய கட்சியே அதுதான்.

1957 அக்டோபர் 4. மால்டன் தொழிற்சாலையின் கதவுகளைத் திறந்து முதல் ஆரோவை வெளியே இழுத்துவந்தார்கள். பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். அதே நாளில் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. மறுநாள் பத்திரிகைகளில் எதற்கு முதலிடம் கிடைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தலைப்புச் செய்தி பறிபோனது மட்டுமல்ல பிரச்சினை. இனி அணுகுண்டு விமானத்தில் வராது, ராக்கெட்டில் வரும், அப்படியிருக்க விமானத்தை மறிக்கும் விமானம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஸ்புட்னிக் வானத்திலிருந்து வந்த சாட்சி ஆகிவிட்டது.

1958 மார்ச் 25 அன்று ஆரோ முதன்முதலாகப் பறந்தது. ஓட்டியவர் யானுஷ் ஜுராகோவ்ஸ்கி. போலந்துக்காரர், 1940-இல் பிரிட்டனைக் காத்த வான்போரில் சண்டையிட்டவர். 35 நிமிடம் பறந்துவிட்டு இறங்கினார். அடுத்த சில மாதங்களில் ஐந்து விமானங்கள் பறந்தன, எல்லாம் இராக்குவா தயாராகும் வரை இரவல் வாங்கிய அமெரிக்க ஜே-75 எஞ்சின்களோடு. அந்த இரவல் எஞ்சினிலேயே ஒலியைப்போல் இரண்டு மடங்கு வேகத்தைக் கிட்டத்தட்டத் தொட்டுவிட்டது. இரண்டு முறை தரையில் சறுக்கிச் சக்கரக்கால் உடைந்தது, யாருக்கும் காயமில்லை. இராக்குவா பொருத்திய ஆறாவது விமானம், ஆர்எல்-206, பறக்கத் தயாராகும் கட்டத்தில் இருந்தது.

இதற்கிடையில் ஆட்சி மாறிவிட்டது. 1957-இல் வந்த ஜான் டீஃபன்பேக்கரின் கன்சர்வேட்டிவ் அரசு, அமெரிக்காவின் போமார்க் ஏவுகணைகளை வாங்க முடிவு செய்தது. ஆளில்லாத ஏவுகணை மலிவு என்பது வாதம். ஐந்நூறு, அறுநூறு என்று பேசிய விமான எண்ணிக்கை நூறாகச் சுருங்கியது. எண்ணிக்கை சுருங்கச் சுருங்க ஒரு விமானத்தின் விலை ஏறியது. அமெரிக்காவும் வாங்கவில்லை, பிரிட்டனும் வாங்கவில்லை. 1959 பிப்ரவரி 20, வெள்ளிக்கிழமை, டீஃபன்பேக்கர் நாடாளுமன்றத்தில் எழுந்து திட்டம் ரத்து என்று அறிவித்தார். அன்று மாலைக்குள் அவ்ரோவில் 14,000 பேருக்கு மேல் வேலை போனது. உதிரிபாகங்கள் செய்துகொடுத்த கம்பெனிகளில் போனது தனிக்கணக்கு. கனடியர்கள் அந்த நாளைக் கறுப்பு வெள்ளி என்கிறார்கள்.

ரத்து செய்ததை நான் முட்டாள்தனம் என்று சொல்லமாட்டேன். நூறு விமானத்துக்காக ஒரு நடுத்தர நாடு தன் ராணுவ பட்ஜெட்டை அடகு வைக்க வேண்டுமா என்பது நியாயமான கேள்வி. லிபரல்கள் ஜெயித்திருந்தாலும் இதே முடிவுக்குத்தான் வந்திருப்பார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. ஆளுள்ள இடைமறிப்பு விமானத்தின் காலம் முடிந்தது என்று பேசிய அதே அரசு, 1961-இல் அமெரிக்காவிடமிருந்து 66 பழைய வூடூ இடைமறிப்பு விமானங்களை வாங்கியது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். என்னால் மன்னிக்க முடியாதது ரத்துக்குப் பிறகு நடந்தது.

பறந்த ஐந்து விமானங்களையும், பறக்கக் காத்திருந்ததையும், பாதி முடிந்தவற்றையும் வெட்டிப் போடச் சொல்லி உத்தரவு வந்தது. வரைபடங்கள், அச்சுகள், புகைப்படங்கள், படச்சுருள்கள் எல்லாவற்றுக்கும் அதே கதி. தொழிற்சாலை முற்றத்தில் வெள்ளை விமானங்களை வரிசையாக நிறுத்தி, கேஸ் கட்டர் வைத்து அறுத்தார்கள். உள்ளே போக அனுமதி இல்லாததால் ஒரு புகைப்படக்காரர் சிறு விமானத்தில் மேலே பறந்து எடுத்த படம் இன்றும் இருக்கிறது. அறுத்த துண்டுகள் ஹாமில்டன் நகரத்துக் காயலான் கடைக்குப் போயின. திருவிழா நின்றுபோனால் தேரைக் கொட்டகையில் பூட்டிவைப்பார்கள். இங்கே தேரை விறகாக்கி எடைக்குப் போட்டார்கள். உத்தரவு யாருடையது என்பதில் நெடுநாள் டீஃபன்பேக்கரையே கைகாட்டினார்கள். ரகசியம் நீங்கிப் பின்னாளில் வெளிவந்த கோப்புகள் வேறு திசையைக் காட்டின: விமானப்படைத் தலைமையின் பரிந்துரை, பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பியர்க்ஸின் ஒப்புதல்.

அழிக்க முடியாதது மனிதர்களின் மூளை. சேம்பர்லின் தலைமையில் அவ்ரோ பொறியாளர்கள் முப்பதுக்கு மேற்பட்டோர் அமெரிக்காவின் நாசாவுக்குப் போனார்கள். சேம்பர்லின் ஜெமினி விண்கலத் திட்டத்தை நடத்தினார். ஓவன் மேனார்ட் நிலவில் இறங்கிய கலத்தின் வடிவமைப்பில் முக்கியமான ஆள் ஆனார். ஃபிளாய்ட் பிரிட்டனுக்குத் திரும்பி, பின்னாளில் கான்கார்டாக வளர்ந்த ஆய்வுகளில் சேர்ந்தார். ஜுராகோவ்ஸ்கி ஒன்டாரியோவில் பேரிஸ் பே என்ற ஊரில் ஏரிக்கரையில் விடுதி கட்டி, 2004-இல் இறக்கும் வரை அங்கேயே வாழ்ந்தார். அவ்ரோ கனடா 1962-இல் மூடப்பட்டது. அந்தத் தொழிற்சாலையை ஒட்டியிருந்த ஓடுபாதைகள்தான் இன்றைய டொராண்டோ பியர்சன் விமான நிலையம். 1980களிலிருந்து அகதிகளாகவும் குடியேறிகளாகவும் கனடாவுக்குப் போன ஈழத்தமிழர்களில் பலர் முதல் அடி வைத்தது அங்கேதான்.

வின்னிபெக்கில் நின்ற நகலுக்கு இப்போது திரும்பலாம். சிபிசி தொலைக்காட்சி 1997 ஜனவரி 12, 13 இரண்டு இரவுகளில் 'தி ஆரோ' தொடரை ஒளிபரப்பியது. எழுத்து கீத் ராஸ் லெக்கி, இயக்கம் டான் மெக்பிரியர்ட்டி. தரையில் நிற்கும் காட்சிகளுக்கு ஆல்பர்ட்டா நகல். பறக்கும் காட்சிகளுக்கு ரிமோட்டில் பறக்கும் சிறிய மாதிரிகள், கணினி வரைகலை, அழிவிலிருந்து தப்பிய பழைய படச்சுருள்கள். எது அசல் எது நகல் என்று கண்ணால் பிரிப்பது சில இடங்களில் கஷ்டம்.

தொடரை நடத்திச்செல்வது ஐக்ராய்ட். நகைச்சுவை நடிகராகப் பேர்பெற்றவர், அவ்ரோ தலைவர் கிராஃபர்ட் கார்டனாக வருகிறார். குடி, கோபம், துணிச்சல் மூன்றும் கலந்த ஆள் கார்டன். பிரதமரிடம் நேரில் போய் மோதி, காரியத்தைக் கெடுத்துக்கொண்டவர் என்று பெயர் எடுத்தவர். திட்டம் போனபின் பதவியும் போய், 1967-இல் நியூயார்க்கில் இறந்தார். அந்த உயர்வையும் சரிவையும் ஐக்ராய்ட் மிகையில்லாமல் காட்டுகிறார். அமைச்சர் ஜார்ஜ் ஹீஸாகக் கிறிஸ்டோபர் பிளம்மர், அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவராக மைக்கேல் மொரியார்ட்டி.

சரித்திரமாகப் பார்த்தால் ஓட்டைகள் ஏராளம். கேட் ஓஹாரா என்ற பெண் பொறியாளர் நிஜத்தில் கிடையாது. கதைக்காகச் சேர்த்த பாத்திரம். விமானப்படை விமானி ஜாக் வுட்மனுக்கு அவர் செய்ததைவிடப் பெரிய பங்கு. நான் மேலே சொன்ன நான்கு மடங்கு பேராசை தொடரில் அநேகமாக இல்லை. நல்ல பொறியாளர்கள், குறுகிய புத்தி அரசியல்வாதிகள், பின்னால் நின்று கயிற்றை இழுக்கும் அமெரிக்கா என்று கதை நேர்கோட்டில் போகிறது. முடிவில் ஒரு ஆரோ தப்பிப் பறந்துபோகிறது. ஒன்று தப்பியது, எங்கோ ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்ற வதந்தி கனடாவில் முன்பே உண்டு; தொடர் அதற்கு உருவம் கொடுத்துவிட்டது. 1959-இல் பிறந்திராத ஒரு தலைமுறைக்கு ஆரோ என்றால் இந்தத் தொடரில் பார்த்ததுதான். 2012-இல், எஃப்-35 விமானங்களுக்குப் பதிலாக ஆரோவையே புதுப்பித்துக் கட்டலாம் என்று அரசிடம் ஒரு தனியார் யோசனை போனது, ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் ஒருவரின் ஆதரவோடு. அரசு ஏற்கவில்லை. ஐம்பது வருடத்துக்கு முந்தைய விமானத்தைப் பற்றி அப்படிப் பேச ஆள் இருந்தார்கள் என்பதே தொடரின் வெற்றிக்கும் அதன் கெடுதலுக்கும் ஒரே சான்று.

நகல் விமானம் படப்பிடிப்பு முடிந்தபின் விமானக் கண்காட்சிகளில் கூட்டம் சேர்த்தது. பிறகு சொந்த ஊருக்கே திரும்பி, வெட்டாஸ்கிவினில் உள்ள ரெனால்ட்ஸ்-ஆல்பர்ட்டா அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகப் போனது. தற்காலிகமாக வெட்டவெளியில் நிறுத்திவைத்தார்கள். ஒரு சூறைக்காற்றில் நன்றாக அடிபட்டது. இன்னொரு முழு அளவு நகலை டொராண்டோவின் டவுன்ஸ்வியூவில் இருந்த ஓர் அருங்காட்சியகத்தில் தன்னார்வலர்கள் கட்டி 2006-இல் வெளியே கொண்டுவந்தார்கள். 2011-இல் அந்த அருங்காட்சியகத்தையே கட்டடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நகல் சில வருடம் இடம் இடமாக அலைந்து ஈடன்வேல் என்ற சிறிய விமானத்தளத்தில் ஒதுங்கியது. ஆரோவுக்கு வாய்த்த துரதிர்ஷ்டம் அதன் நகல்களையும் விடவில்லை.

அசலின் துண்டுகள் மெல்ல வெளியே வந்துகொண்டிருக்கின்றன. ஏரியில் விழுந்த மாதிரிகளைத் தேடி 2017-இல் ஒலியலைக் கருவிகளோடு இறங்கினார்கள். 2018-இல் ஆரம்பகால முக்கோண இறக்கை மாதிரி ஒன்றை ஒன்டாரியோ ஏரியின் அடியிலிருந்து தூக்கினார்கள். எரித்துவிட்டதாக நினைத்த வரைபடங்களில் ஒரு கட்டை, அவ்ரோவின் மூத்த வரைவாளர் ஒருவர் அன்றைக்கே வீட்டுக்கு எடுத்துப்போய் நிலவறையில் பத்திரமாக வைத்திருந்தார். அவை 2020-இல் பொதுப் பார்வைக்கு வந்தன, சஸ்காட்டூன் நகரத்தில், டீஃபன்பேக்கரின் பெயரில் இருக்கும் மையத்திலேயே.

மிச்சமிருப்பதில் பெரியது ஆர்எல்-206-இன் மூக்கும் விமானி அறையும். மருத்துவ ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று விமானப்படையின் விமான மருத்துவ நிலையத்துக்குப் போனதால் கட்டருக்குத் தப்பியது. இப்போது ஒட்டாவாவில், கனடா விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பக்கத்திலேயே இராக்குவா எஞ்சினும் உண்டு. உறவினரைப் பார்க்க டொராண்டோ போகிறவர்கள் நயாகராவைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஒட்டாவா காரில் நாலரை மணி நேரம்தான். ஒரு நாள் ஒதுக்கி அந்த மூக்கைப் பார்த்துவிட்டு வாருங்கள். தொடரைப் பார்ப்பதானால் அதற்குப் பிறகு பாருங்கள்.